மாடியில் குடியிருந்த வெளிச்சம்

“ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில சொன்னாப் போதும் மேடம்” என்றார் நிறுவனத்தின் வக்கீல் ஸ்ரீவத்ஸன்.

இதே கேள்வியை அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தமயந்தியும் காலையிலிருந்து பதிலைத் தொடங்கிக்கொண்டேயிருந்தாள். முடிக்கத்தான் யாரும் விடவில்லை. கோவில்பட்டிப் பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறைத் தலைவி அவள். கடைசி பெஞ்சில் தூங்கி விழுகிற பெண்கள்கூட இத்தனை வருடத்தில் அவளை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கிறார்கள். ஒளித்தடத் தீர்ப்பாயம் என்று பெயர்ப்பலகை மாட்டிய இந்த மண்டபத்தில் அதற்குக்கூட வழியில்லை. நிபுணர் சாட்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, “ஒளி இடத்தை அடைக்குமா, அடைக்காதா?” என்று ஒரு கேள்வியை வாயில் திணித்துவிட்டார்கள்.

“அப்படி ஒரு வார்த்தையில சொல்ற விஷயம் இல்லைங்க” என்றாள்.

“சட்டத்தில் ஒரு வரியில் இருக்கிறதே” என்றார் ஸ்ரீவத்ஸன் புன்னகையோடு.

இருந்தது. உலகத்தில் செம்புக்குப் பஞ்சம் வந்து, மின்கம்பிகளை இரவோடிரவாக அறுத்து விற்கிற காலம் வந்தபோது, மின்சாரத்தைக் கம்பியில்லாமல் ஒளியாக அனுப்பலாம் என்று முடிவானது. குருமலை உச்சியில் கதிர்வழி என்ற நிறுவனம் ஒரு கோபுரம் கட்டியது. அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்று வண்டிச்சக்கரப் பருமனில் கிளம்பி, காற்றைக் கடந்து, ஊருக்குள் இருக்கும் வாங்கு நிலையத்தில் வந்து விழும். அங்கே அது மின்சாரமாகி வீடுகளுக்குப் போகும். இதற்காகப் போட்ட சட்டத்தில்தான் அந்த வரி இருந்தது: ஒளி இடத்தை அடைப்பதில்லை; ஆகவே அது கடந்து செல்லும் நிலத்தையோ கட்டடத்தையோ கையகப்படுத்தத் தேவையில்லை.

அந்த வரி கடந்து சென்ற கட்டடம் இருளப்பனுடைய வீடு. வாங்கு நிலையத்துக்கு மூன்று வீடு முன்னால் இருந்தது. மலையிலிருந்து சரிந்து வருகிற ஒளி, நிலையத்தை நெருங்கும்போது தாழ்ந்துவிடும். இருளப்பனும் அவர் மனைவி சண்முகக்கனியும் கீழ்த்தளத்தில் கடலைமிட்டாய் போடுகிறவர்கள். அடுப்பும் பாகும் புகையுமான இடத்திலேயே படுத்து எழுந்தவர்கள், மிச்சம் பிடித்து மாடியில் ஒரு கூடம் கட்டினார்கள். சுண்ணாம்பு வாசனை போகுமுன் கதிர்வழி ஆட்கள் வந்தார்கள். கிழக்குச் சுவரில் ஒரு வட்டமும் மேற்குச் சுவரில் ஒரு வட்டமும் வெட்டி, கூடத்தின் நடுவே நெஞ்சு உயரத்தில் ஒளி போக வழி பண்ணினார்கள். கதவில் பூட்டுப் போட்டு, உள்ளே போனால் சிறை என்று எழுதிவைத்துப் போனார்கள்.

கீழே அடுப்புப் புகையில் மகள் பவளக்கொடிக்கு இழுப்பு வந்தது. டாக்டர் இடம் மாற்றச் சொன்னார். மாடிக்கு மாற்ற முடியாததால் பிள்ளையைச் சங்கரன்கோவிலில் கனியின் தங்கை வீட்டுக்கு மாற்றினார்கள். ஆறு வயதில் போன பெண் அங்கேயே வளர்ந்து, சித்தியை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். நஷ்ட ஈடு கேட்டு இருளப்பன் போட்ட மனுதான் இப்போது தீர்ப்பாயத் தலைவர் முன்னால் கிடந்தது.

“முழுசா ஒரு நிமிஷம் பேச விடுங்க” என்றாள் தமயந்தி. “ஒரு பெட்டியில கல்லைப் போட்டா நிறையும். மண்ணைப் போட்டா நிறையும். ஏன்னா பொருள் எல்லாத்துலயும் எலக்ட்ரான் இருக்கு. ஒரு எலக்ட்ரான் இருக்கிற நிலையில இன்னொண்ணு வந்து உட்கார ஒத்துக்காது. அந்த வீம்புனாலதான் நாற்காலி நம்மளைத் தாங்குது. ஒளித்துகளுக்கு அந்த வீம்பு கிடையாது. ஒண்ணு இருக்கிற இடத்துலயே எத்தனை வேணும்னாலும் வந்து இருக்கும். ரெண்டு டார்ச்சைக் குறுக்கே அடிச்சா ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளாம கடந்து போயிடும். அதனால அந்த அர்த்தத்துல—”

“அதனால் அடைக்காது. நன்றி மேடம்” என்று ஸ்ரீவத்ஸன் உட்கார்ந்துவிட்டார்.

“நான் இன்னும் முடிக்கலை.”

“போதுமான அளவு சொல்லிவிட்டீர்கள்.”

தமயந்தி தலைவரைப் பார்த்தாள். ஓய்வு பெற்ற நீதிபதியான அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சண்முகக்கனி, எதுவும் புரியாவிட்டாலும் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் புரிந்த முகத்தோடு முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். தமயந்தி ஸ்ரீவத்ஸன் பக்கம் திரும்பினாள்.

“வக்கீல் சார், நான் ஒரு கேள்வி கேட்கலாமா? அந்தக் கூடத்துக்கு யார் பூட்டுப் போட்டது?”

“நிறுவனம். பாதுகாப்புக்காக.”

“உள்ளே என்ன இருக்கு?”

“ஒன்றுமில்லை. காலி அறை.”

“காலி அறைன்னா அவங்க போய்க் குடியிருக்கலாமே. ஒரு கட்டில் போடலாமே. ஏன் கூடாது?”

ஸ்ரீவத்ஸன் எழுந்து ஆட்சேபம் சொல்ல வாய் திறந்தார். இந்தத் தடவை தமயந்தி விடவில்லை. “ஒளியும் ஒளியும் ஒரே இடத்துல இருக்கலாம் சார். ஒளியும் மனுஷனும் இருக்க முடியாது, அது இந்த அளவுக்கு இருந்தா. உள்ளே ஆள் நுழைஞ்சா, ஒண்ணு ஒளி நிக்கணும், இல்லை ஆள் வேகணும். இன்னொருத்தரை உள்ளே விடாத ஒண்ணுக்கு இடம் அடைக்கிறதுன்னு பேர் இல்லாம வேற என்ன பேர்? பாடப் புத்தகத்துல அடைக்காது. வீட்டுல அடைக்கும்.”

தலைவர் முதல்முறையாக நிமிர்ந்தார். “அம்மா, நான் தீர்ப்பில் இரண்டையும் எழுத முடியாது. எதை எழுத?”

தமயந்தி ஒரு கணம் தயங்கினாள். இது இயற்பியல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தேர்வுத் தாளில் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பாள். ஆனால் இன்னொரு மணி நேரம் பேசினாலும் இவர்கள் முழுசாகக் கேட்கப்போவதில்லை.

“அடைக்கும்னு எழுதுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, கணவர் திருவேங்கடம் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்: “நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்போற? கிளாஸ்ல ஒரு பாடம், கோர்ட்டுல ஒரு பாடமா?”

“சாப்பிடுங்க” என்றாள்.

தீர்ப்பு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒளி இடத்தை அடைக்கும். ஆகவே கதிர்வழி நிறுவனம் மனுதாரரின் மாடிக் கூடத்தைத் தொடர்ந்து அடைத்து வந்திருக்கிறது. நஷ்ட ஈட்டைப் பேசி முடிவு செய்க. இருளப்பன் ஒரு பெட்டி கடலைமிட்டாயோடு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். கையைக் கூப்பியபடி நின்றவரை என்ன செய்வதென்று தெரியாமல், தமயந்தி அங்கேயே பெட்டியைப் பிரித்து வாட்ச்மேனுக்கும் கொடுத்துத் தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே இருளப்பனின் வக்கீல் ஜெபராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே இருளப்பனும் கனியும். மூன்று பேர் முகத்திலும் மத்தியானம் இருந்த சிரிப்பில் ஒரு துளி மிச்சமில்லை.

“மேடம், மோசம் போயிட்டோம்” என்றார் ஜெபராஜ், நாற்காலி நுனியில் உட்கார்ந்து. “கதிர்வழி தீர்ப்பை எதிர்க்கப் போறதில்லை. ஒத்துக்கிட்டாங்க.”

“நல்லதுதானே?”

“ஒத்துக்கிட்டு, மாடி எங்களுக்குன்னு நோட்டீஸ் விட்டிருக்காங்க. அனுபவ பாத்தியம். ஒருத்தன் இடத்துல இன்னொருத்தன் பன்னிரண்டு வருஷம், ஊரறிய, தடையில்லாம இருந்துட்டா இடம் இருந்தவனுக்குச் சொந்தம். ஒளி இடத்தை அடைக்காதுன்னா நமக்கு நஷ்ட ஈடு கிடையாது. அடைக்கும்னா, அவங்க அத்தனை வருஷமா குடியிருந்திருக்காங்க. கூடம் அவங்களுது. நாம ரெண்டு பக்கமும் தோக்கற மாதிரிதான் கேள்வியையே வச்சிருக்காங்க.”

தமயந்தி அவரையே பார்த்தாள். சிரிக்க வேண்டும்போல இருந்தது. அதற்கும் வாய் ஒத்துழைக்கவில்லை. “கேஸ் போட்டாச்சே. அது தடை ஆகாதா?”

“நாம இடத்தைத் திருப்பிக் கேட்கலை மேடம். இடம் அடைக்கலைன்னு சட்டம் சொல்றப்போ எப்படித் திருப்பிக் கேட்கிறது? நஷ்ட ஈடுதான் கேட்டோம். இடத்தைக் கேட்க சிவில் கோர்ட்டுக்குப் போகணும். இன்னைக்கு வெள்ளி. கோர்ட்டு திங்கட்கிழமைதான் திறக்கும். பன்னிரண்டு வருஷம் ஞாயித்துக்கிழமையோட முடியுது.”

“அதனாலதான் தீர்ப்பை இன்னைக்கு வாங்கினாங்களா?”

ஜெபராஜ் கையை விரித்தார்.

கனி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கீழ் வீட்டையும் சேத்துக் கேக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் நல்லதுன்னு இவுக சொல்லுதாக.”

“நான் என்ன சொல்ல? வேற என்னத்தைச் சொல்ல?” என்றார் இருளப்பன்.

தமயந்தி எழுந்து அறைக்குள் இங்குமங்கும் நடந்தாள். “தடையில்லாமன்னு சொன்னீங்க. தடைன்னா என்ன? யாராவது உள்ளே போனா?”

“போனா முடிஞ்சது. வீட்டுக்காரங்களோ, அவங்க கூப்பிட்டு வேற யாரோ, ஒளிஞ்சு மறைஞ்சு இல்லாம நாலு பேர் பார்க்க உள்ளே போய் உட்கார்ந்தாப் போதும். அன்னைக்கே அனுபவம் அறுந்து போகும். ஆனா உள்ளே போறது குற்றம். ஊருக்கே கரண்டு போகும். யார் போவாங்க?”

கனி, “நான் போறேன்” என்றாள். இருளப்பன் அவள் கையைப் பிடித்து அமுக்கினார். “உள்ள தூக்கி வச்சிட்டாகன்னா? அந்த ஒளி உன்னயச் சுட்டுட்டுன்னா?”

சுடாது என்று தமயந்திக்குத் தெரியும். பெரிய கற்றையைச் சுற்றி மெல்லிய காவல் ஒளி ஒன்று உறைபோல ஓடும். அதை எது தொட்டாலும், கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் மலையில் உள்ள விளக்கு அணைந்துவிடும். ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் அணையும். ஒழுங்காகப் பொருத்தியிருப்பார்களா என்பது இயற்பியலில் வராத கேள்வி.

“கனி, என்னை உன் வீட்டு மாடிக்குக் கூப்பிடு” என்றாள்.

“டீச்சர்?”

“கூப்பிடுன்னு சொல்றேன். நாலு பேர் முன்னால கூப்பிட்டாத்தான் செல்லும்.”

திருவேங்கடம் உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்து, “உனக்குப் பென்ஷன் வர இன்னும் கொஞ்சம் வருஷம் இருக்கு தமயந்தி” என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அவள் போன் பேசினாள். அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து கரண்டு இருக்காது, பேட்டரியைச் சரிபாருங்கள் என்றாள். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் சொன்னாள். கடைசியாக வாங்கு நிலையத்தின் பொறியாளர் டேனியலைக் கூப்பிட்டாள். உள்ளூர்க்காரர், எல்லாரிடமும் தணிந்து பேசுகிற மனிதர்.

“மேடம், தயவுசெஞ்சு வேண்டாம்” என்றார் அவர்.

“காவல் ஒளி ஒழுங்கா வேலை செய்யுதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“செய்யுது மேடம். போன மாசம் நானே பார்த்தேன். மெதுவா கையை நீட்டாதீங்க. ஒரேயடியா நுழைஞ்சிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருளப்பன் வெல்லம் உடைக்கிற சுத்தியலால் பூட்டைத் தட்டினார். தெருவே கூடியிருந்தது. ஜெபராஜ் நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தியிருந்தார். சண்முகக்கனி மாடிப்படியில் நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல, “டீச்சர், எங்க வீட்டு மாடிக்கு வாங்க” என்றாள்.

தமயந்தி கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு கதவைத் தள்ளினாள். கூடம் காலியாகத்தான் இருந்தது. தரையெல்லாம் புழுதி. இரண்டு சுவரிலும் எதிரெதிராக இரண்டு வட்டங்கள். அவற்றுக்கு நடுவே வெறும் காற்று. முப்பது வருடமாகப் படித்ததும் நடத்தியதும் எல்லாம் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவளிடம் சொல்லின. கால்கள் நம்ப மறுத்தன. யார் மேலென்று தெரியாமல் அவளுக்குக் கோபம் வந்தது. வக்கீல் மேலா, தலைவர் மேலா, தன் கால்கள் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடுவில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சூடில்லை, சத்தமில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தமில்லாததுதான் நடந்தது என்று. வாங்கு நிலையத்தின் முனகல் நின்றுவிட்டது. தெருவில் மின்விசிறிகள், கிரைண்டர்கள், எங்கோ கல்யாண மண்டபத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றாக அடங்கின.

அவள் போன் அடித்தது. “கரண்டு போயிட்டு” என்றார் திருவேங்கடம். “பாதி மாவு கிரைண்டர்ல கிடக்கு.”

“கையால ஆட்டுங்க” என்று வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, “மேடம், வெளியே வந்துடுங்க” என்றார்.

“கைது பண்ணுங்க, வரேன்.”

“எதுக்குக் கைது பண்ணன்னு சொல்லுங்க. கம்பெனிக்காரங்க புகார் தரலையே.”

தமயந்திக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. புகார் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி உள்ளே நுழைந்தாள் என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தடை வந்தது என்று அவர்கள் கையெழுத்தாலேயே ஆகிவிடும். கதிர்வழியின் மேலாளர் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கியபோது அதற்கேற்பத்தான் சொன்னார்: “தொழில்நுட்பக் கோளாறு. அறையில் யாரும் இல்லை.”

“நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்” என்றாள் அவள்.

“எங்களைப் பொறுத்தவரை இல்லை மேடம்.”

“அப்ப ஒளியைப் போட வேண்டியதுதானே? ஆள் இல்லாத அறைதானே?”

மேலாளர் படியிறங்கிப் போனார். தன்னைக் கைது செய்யச் சொல்லி ஒருத்தி கெஞ்சியும் செய்ய ஆளில்லாத ஊராகப் போயிற்றே என்று தமயந்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏற ஏறத் தெருவில் சத்தமும் ஏறியது. மண்டபத்திலிருந்து பெண்வீட்டுக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலேயே வந்துவிட்டார். “ஐந்நூறு பேர் வேர்த்து வடியிறாங்க. ஐஸ்கிரீம் எல்லாம் பாயாசமா ஆகிட்டு. ஒரு மாடிக்காக ஊரையே வதைக்கீகளே, இது நல்லாயிருக்கா?”

“நல்லாயில்லைதான்” என்றாள் தமயந்தி. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. “உங்களுக்கு ஒரு நாள் வேர்க்குது. இவங்க பிள்ளை ஆறு வயசுல வீட்டை விட்டுப் போச்சு. எனக்கு வேற வழி தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, எந்திரிச்சுடுறேன்.”

அவர் சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். “இதுக்குள்ளதான் வருதாக்கும் நம்ம கரண்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை.

அவர் போனதும் சண்முகக்கனி உள்ளே வந்தாள். கையில் விளக்குமாறு. இருளப்பன் பின்னாலிருந்து வேண்டாம் என்று ஏதோ சொன்னார், அவள் திரும்பவில்லை. கிழக்கு மூலையிலிருந்து தொடங்கிப் புழுதியைக் கூட்டிக்கொண்டே வந்தாள். வட்டங்களுக்கு நடுவே வந்ததும் ஒரு கணம் நின்று, குனிந்து, அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் கூட்டினாள்.

“காலைத் தூக்குங்க டீச்சர்” என்றாள்.

தமயந்தி காலைத் தூக்கினாள். கனி நாற்காலிக்கடியில் கூட்டும்போது அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் திடீரென்று தெருவிளக்குகள் எரிந்தன. தமயந்தி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒளி எங்கே? அவள் இன்னும் கூடத்துக்குள்தான் இருக்கிறாள். பின் எந்த வழியாக வருகிறது?

டேனியல் படியேறி வந்தார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. “பயப்படாதீங்க மேடம். பாத்தியம் அறுந்தாச்சு, ஊரும் சத்தம் போடுது. இனி இங்க வராது. வடக்கே தண்ணித் தொட்டி மேல ஒரு கண்ணாடி இருக்கு. மலையில இருந்து அதுல அடிச்சு, நிலையத்துக்கு அந்தப் பக்கமா திருப்பியாச்சு.”

“இன்னைக்கு வச்சீங்களா?”

“இல்லை. பழுது பார்க்கிறப்போ உபயோகப்படட்டும்னு கட்டினப்பவே வச்சது. ஆரம்பத்துல இருந்தே இருக்கு.”

தமயந்தி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியே இல்லை என்று எத்தனை அதிகாரி, எத்தனை கடிதத்தில் கனிக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரு பிள்ளை வளர்ந்து முடிகிற காலம் வரைக்கும் அந்தக் கண்ணாடி தொட்டி மேலே சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பவளக்கொடி அந்த வாரமே வந்தாள். கூடத்தில் கட்டில் போட்டார்கள். சுவரில் இருந்த வட்டங்களை அடைக்க வேண்டாம், காற்று வருகிறது என்று அவளே சொன்னாளாம். கனி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஊரில் மட்டும் கரண்டு அவ்வப்போது கண் சிமிட்டத் தொடங்கியது. காற்றடித்தால் போகும், நின்றால் வரும். திருவேங்கடம் டி.வி. முன்னால் உட்கார்ந்து, “உன் புண்ணியம்” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். தமயந்தி அதையும் காதில் வாங்கவில்லை, வெள்ளையம்மா வந்து சொல்லும்வரை.

வெள்ளையம்மா ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

“எங்க தெருவுல ஒரு வாகை மரம் இருக்கு டீச்சர். பெரிய மரம். எங்க மாமியா கல்யாணமாகி வந்தப்பவே இம்புட்டுப் பெரிசாம். இப்ப லைட்டு அது தலைக்கு மேல போகுதாம். காத்துல கிளை ஆடுனா அதுல இடிச்சுக் கரண்டு போகுதாம். இன்னைக்கு அளந்துட்டுப் போயிட்டாக. வெட்டணும்ங்காக.”

“உங்களுது தானே மரம்? வெட்டக்கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னோம். மரம்தான் லைட்டோட இடத்துல நிக்குதுன்னாக. லைட்டுக்கு இடம் உண்டுன்னு கோர்ட்டுலயே ஆயிட்டாம். டீச்சர் சொன்னதுன்னு உங்க பேரைக் காட்டுனாக.” அவள் முகத்தில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வந்த முகம். “எல்லாம் தகர வீடு டீச்சர். பகல்ல உள்ள இருக்க முடியாது. வேலைக்குப் போறப்போ பிள்ளைகளை அந்த மரத்தடியிலதான் விட்டுட்டுப் போறோம். நீங்க சொன்னது நெசம்தானா?”

தமயந்தி வாயைத் திறந்தாள். எலக்ட்ரானின் வீம்பு, ஒளியின் பெருந்தன்மை, பாடப் புத்தகம், வீடு எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

“பாதி நெசம்” என்றாள்.

“பாதி நெசத்தை வச்சு மரத்தை வெட்ட முடியுமா?”

“முழுசா வெட்டுவாங்க.”

சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த எரிச்சல் அவளுக்கே கேட்டது. அது வெள்ளையம்மா மேல் இல்லை. தீர்ப்பாயத்துக்குத் திரும்பப் போய், அன்றைக்கு முடிக்க விடாத வாக்கியத்தை முடிக்கலாம். ஒளி இடத்தை அடைக்காது, நான் சொன்னது தப்பு என்று சொல்லலாம். மரம் தப்பிக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கதிர்வழி மறுபடியும் ஒளியைக் கனியின் கூடத்துக்குத் திருப்பும். அங்கே இப்போது கட்டில் கிடக்கிறது.

அவள் போனை எடுத்துக் கனியைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். மரத்தைச் சொன்னாள், கண்ணாடியைச் சொன்னாள், தான் பேச்சை மாற்றினால் யார் வீட்டுக்கு என்ன திரும்பி வரும் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் பவளக்கொடி யாரையோ கேலி செய்து பேசுவது கேட்டது.

கனி, “அந்த மரத்தடியில எத்தனை பிள்ளைக இருக்கு?” என்று கேட்டாள்.

தமயந்தி வெள்ளையம்மாவைப் பார்த்தாள்.

“கைக்குழந்தையோட சேத்துப் பதினஞ்சு இருக்கும்” என்றாள் வெள்ளையம்மா.

அது கனிக்கும் கேட்டிருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம்.

“சரி டீச்சர். நீங்க முன்னாடி கோர்ட்டுக்குப் போங்க” என்றாள் கனி. “பாகு அடுப்புல இருக்கு. இறக்கி வச்சிட்டு வாரேன்.”